நரம்பின் நீளம்: யாழிலிருந்து பன்னீளப் பாஸ் கித்தார் வரை

ஜொகூர் மாநிலத்தில் மெல்லிசைக் குழுவிலோ கோயில் இசை நிகழ்ச்சியிலோ பங்குபெறும் தமிழ் இளைஞர் ஒருவர் இன்று புதிய பாஸ் கித்தார் வாங்க முற்படுவாராயின், அவர்முன் புதுவகைக் கருவி ஒன்று வந்து நிற்கின்றது. அதன் மெட்டுகள் வழக்கமான கித்தாரில் உள்ளவைபோல் ஒன்றற்கொன்று இணையாக அமையவில்லை. விரித்த விசிறியின் மடிப்புகளைப்போல் ஒருபுறம் நெருங்கியும் மறுபுறம் அகன்றும் சாய்ந்து கிடக்கின்றன. தடித்த நரம்பு நீண்டும் மெல்லிய நரம்பு குறுகியும் உள்ளன. ஆங்கில வழக்கில் இதனை மல்ட்டி ஸ்கேல் என்பர். நரம்புதோறும் நீளம் வேறுபடுதலின், பன்னீளப் பாஸ் கித்தார் என நாம் இதனை அழைக்கலாம்.

பிள்ளைக்குக் கருவி வாங்கித்தரப் பணம் சேர்த்துவைத்த பெற்றோர், "இந்தக் கோணல் எதற்கு? நேராக இருப்பதையே வாங்கினால் ஆகாதா?" என வினவுதல் இயல்பே. அவ்வினாவிற்கு விடை கூறப் புகுந்தால், கடைக்காரர் கூறும் சிறப்புரைகள் போதா. நரம்புக் கருவிகளின் நெடிய வரலாற்றிற்குள் செல்ல வேண்டும். அவ்வரலாற்றின் தொடக்கப் பக்கங்களுள் ஒன்று நம் யாழ் என்பது தமிழ் ஆசிரியரும் மாணவரும் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

யாழ் காட்டும் நெறி

சங்ககாலத்துப் பாணர் கையில் இருந்த யாழ் வில்லின் வடிவில் அமைந்தது. பத்தர் என்னும் குடப்பகுதி, அதன்மேல் தோற்போர்வை, வளைந்தெழும் கோடு, கோட்டில் நரம்பை இறுக்கிக் கட்டும் திவவு என அதன் உறுப்புகளைப் பொருநராற்றுப்படையும் சிறுபாணாற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் உவமை பல கூறி விரிக்கின்றன. சிலப்பதிகார உரைவழி, பேரியாழுக்கு 21 நரம்பும், மகர யாழுக்கு 19 நரம்பும், சகோட யாழுக்கு 14 நரம்பும், செங்கோட்டி யாழுக்கு 7 நரம்பும் உண்டென அறிகின்றோம்.

வில்யாழில் நரம்புகள் ஒரே நீளம் உடையன அல்ல. கோட்டின் வளைவிற்கு ஏற்ப, பத்தரை ஒட்டிய நரம்பு குறுகியும் கோட்டின் நுனியை நோக்கிச் செல்லும் நரம்பு நீண்டும் அமையும். குறுகிய நரம்பு வலிவு ஒலியையும் நீண்ட நரம்பு மெலிவு ஒலியையும் தரும். ஒவ்வோர் ஒலிக்கும் அதற்குரிய நீளம் என்பதே யாழின் அமைப்பு நெறி.

இந்நெறிக்கு ஒரு குறையும் இருந்தது. யாழில் ஒரு நரம்பு ஒரு சுரத்தையே நன்கு தரும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனச் சுரங்கள் பெருகப் பெருக நரம்புகளும் பெருக வேண்டும். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் நுட்பங்களை அதில் காட்டுதல் அரிது. சேக்கிழார் பெரியபுராணத்தில் உரைக்கும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். தருமபுரத்தில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமற் போக, பாணர் மனம் நொந்து தம் யாழை உடைக்க முற்பட்டார் என்றும், சம்பந்தர் அவரைத் தடுத்தார் என்றும் அப்புராணம் கூறும். அப்பண் யாழ்முரி எனப் பெயர் பெற்றது. இதனைப் பக்தி வரலாறாகப் படிப்பது ஒரு முறை. கருவியின் வரலாறாகப் படிப்பின், மிடற்றுப்பாடல் வளர்ந்த வேகத்திற்குக் கருவி ஈடுகொடுக்க இயலாது நின்ற ஒரு காலத்தின் அடையாளம் இதில் தெரிகின்றது. பாணரின் திறமையில் குறையில்லை. கருவியின் எல்லை அவ்வளவே.

மெட்டு வந்தது, நீளம் ஒன்றாயிற்று

அக்குறையை நீக்கியது மெட்டு. தண்டின்மேல் மெட்டுகளை வரிசையாகப் பதித்து, நரம்பை மெட்டின்மீது அழுத்தினால் ஒலிக்கும் பகுதியின் நீளம் குறைகின்றது, சுரம் உயர்கின்றது. ஒரே நரம்பு பல சுரங்களைத் தரும் வல்லமை பெற்றது. தஞ்சையில் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆட்சி செய்த இரகுநாத நாயக்கர் காலத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் 24 மெட்டு வீணை இந்நெறியின் முதிர்ந்த வடிவாகும். இதற்குப் பல நூற்றாண்டு முன்னரே யாழ் வழக்கொழியத் தொடங்கிவிட்டது.

மெட்டினால் நாம் பெற்றது பெரிது. ஆயினும் அதற்கு ஒரு விலையும் கொடுத்தோம். எல்லா நரம்பிற்கும் பொதுவாக மெட்டுகள் நேர்க்கோட்டில் நிற்க வேண்டுமாயின், எல்லா நரம்பும் ஒரே நீளமாக இருத்தல் வேண்டும். வீணையின் மேல்தந்திகள் நான்கும், கித்தாரின் நரம்புகள் ஆறும் இவ்வாறே ஒரே நீளத்தில் அமைந்தன. ஒவ்வோர் ஒலிக்கும் அதற்குரிய நீளம் என்ற யாழின் நெறி கைவிடப்பட்டது.

கைவிட்டதன் விளைவை அளந்து கூறியவர் பிரான்சு நாட்டு அறிஞர் மரேன் மெர்சென். 1636இல் வெளிவரத் தொடங்கிய தம் இசைநூலில் அவர் நரம்பின் இயல்பை விதிகளாகத் தொகுத்தார். நரம்பின் நீளம் இரட்டித்தால் அதிர்வெண் பாதியாகும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும். ஒரே நீளத்தில் நரம்பின் எடை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். எனவே நீளத்தை மாற்ற இயலாதபோது மெலிவு ஒலி பெற இரு வழிகளே எஞ்சுகின்றன. நரம்பைத் தளர்த்தலாம், அல்லது தடிக்கச் செய்யலாம். முதல் வழியில் நரம்பு தொய்ந்து மெட்டுகளில் மோதி இரைகின்றது. இரண்டாம் வழியில் நரம்பு விறைத்து, கம்பியின் இயல்பு குன்றிக் கோலின் இயல்பை அடைகின்றது. பாஸ் கித்தாரின் வரலாறு முழுவதும் இவ்விரு இடர்களுக்கிடையே நடந்த போராட்டம் எனலாம்.

பாஸ் கித்தாரின் தோற்றம்

மேலைநாட்டு இசைக்குழுவில் மெலிவு ஒலிக்குரிய கருவியாக நெடுங்காலம் விளங்கியது ஆளுயர நின்று வாசிக்கும் டபுள் பாஸ். அதன் நரம்பு ஏறத்தாழ 105 சென்டிமீட்டர் நீளமுடையது. ஒலி சிறிது, உடல் பெரிது, ஊர்தியில் ஏற்றுவது கடினம் என்னும் குறைகள் அதற்கு உண்டு. 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க், மெட்டு வைத்த மின்பாஸ் ஒன்றைச் செய்து விற்க முயன்றார், அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பாஸே உலகெங்கும் பரவியது. வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் தொழிலிலிருந்து வந்த ஃபெண்டர் கித்தார் வாசிக்க அறியாதவர் என்பது வியப்பிற்குரியது. மெட்டு இருப்பதால் சுரம் துல்லியமாக அமையும் என்பதே அப்பெயரின் பொருள்.

ஃபெண்டர் தேர்ந்த நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 86 சென்டிமீட்டர். நான்கு நரம்பிற்கும் அதுவே நீளம். நொடிக்கு 41 அதிர்வு உடைய மெலிவு நரம்பிலிருந்து தொடங்கி 55, 73, 98 என அவை மேலேறும். குரலுக்கும் உழைக்கும் உள்ள இடைவெளியே, அதாவது ஏறத்தாழ மூன்றுக்கு நான்கு என்னும் விகிதமே, ஒரு நரம்பிற்கும் அடுத்த நரம்பிற்கும் இடையில் நிற்கின்றது. இந்நான்கு நரம்பிற்கும் 34 அங்குலம் போதுமானதாகவே இருந்தது.

ஜொகூருக்கு வந்த வழி

வேற்றுநாட்டுக் கருவி வந்து தங்கித் தன்னுடையதாகிவிடுதல் ஜொகூருக்குப் புதிதன்று. ஜொகூரின் பெருமைக்குரிய மலாய் கஸல் இசையில், இந்தியாவழி வந்த ஆர்மோனியமும் தபேலாவும், அரபு நாட்டுத் தொடர்பால் வந்த கம்புஸ் என்னும் நரம்புக் கருவியும், ஐரோப்பிய வயலினும் கித்தாரும் ஒரே பாயில் அமர்ந்து இசைக்கின்றன. பாக் லோமாக் என மக்கள் அழைத்த ஹாஜி மூசா பின் யூசோப் போன்ற கலைஞர்கள் அவ்விசையை வளர்த்தனர். எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஒதுக்காது, எதற்குப் பயன்படும் என்று கண்டு ஏற்றுக்கொண்ட மண் இது.

மின்கித்தார் அலை 1960களில் எழுந்தது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து நிகழ்ச்சி நடத்தினர். அதன்பின் தீபகற்பம் எங்கும் குகிரான் எனப்பட்ட கித்தார்க் குழுக்கள் பெருகின. முன்கித்தார், துணைக்கித்தார், பாஸ் கித்தார், முரசு என்பதே அவற்றின் பொது அமைப்பு. தமிழரும் இவ்வலையில் பங்கு கொண்டனர். பினாங்கில் தோன்றிய அலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ் பெற்றதை மூத்தோர் அறிவர்.

ஜொகூர் இளைஞனுக்கு ஒரு தனி வாய்ப்பும் இருந்தது. 1924இல் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர்க் கடைத்தெரு. 1973ஆம் ஆண்டு மே மாதம் வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமமாக மாற்றத்தக்கனவாக இருந்தன. ஆதலின் இங்கு உழைத்துச் சேர்த்த வெள்ளியை அங்கு அதே மதிப்பில் செலவிட முடிந்தது. அவ்வேற்பாடு நின்றபின் இரு நாணயங்களும் தனித்தனி வழியில் சென்றன. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்குமேல் கொடுக்க வேண்டியுள்ளது. பாலம் அதே பாலம்தான். கருவி வாங்கக் கடப்பவனின் கணக்கு மாறிவிட்டது. ஆராய்ந்து வாங்க வேண்டிய தேவை முன்னினும் மிகுந்துள்ளது.

தமிழர் செவிக்குப் பாஸ் கித்தாரை நெருக்கமாக்கியது திரையிசை. அதற்கு முன்னரும் திரையிசைக் குழுக்களில் மெலிவுக் கருவி உண்டெனினும், 1976இல் அன்னக்கிளி வாயிலாக அறிமுகமான இளையராஜாவின் இசையில் பாஸ் கித்தார் தாளத்திற்குத் துணைபோதலோடு அமையாது, பாடலுக்கு எதிர்ப்பாடல்போல் தனிவழி நடந்தது. அவர் குழுவில் நெடுங்காலம் அதனை வாசித்த சசிதரன், பின்னாளில் ஏ. ஆர். ரஹ்மானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸ் ஆகியோரின் விரல்களை நம் மெல்லிசைக் குழுக்கள் பின்பற்ற முயன்றன.

ஈண்டு ஓர் அறிவியல் உண்மை கருதத்தக்கது. தோட்டப்புற வீடுகளில் இப்பாடல்களைக் கொண்டுவந்த சிறு டிரான்சிஸ்டர் வானொலிகளின் ஒலிபெருக்கி, நொடிக்கு 41 அதிர்வு உடைய ஒலியை எழுப்ப வல்லதன்று. ஆயினும் மக்கள் அப்பாஸ் ஒலியைக் கேட்டனர். எவ்வாறு? ஒரு நரம்பு அதிரும்போது அடிப்படை ஒலியோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு ஒலிகளும் எழுகின்றன. மேலொலிகள் ஒழுங்காக வந்து சேர்ந்தால், வராத அடிப்படையை நம் செவியே நிரப்பிக் கொள்கின்றது. மெலிவு நரம்பின் உயிர் அதன் மேலொலிகளின் ஒழுங்கில் உள்ளது என்பது இதனால் விளங்கும்.

ஐந்தாம் நரம்பும் சாய்ந்த மெட்டும்

1975இல் அமெரிக்கக் கலைஞர் ஆன்டனி ஜாக்சன், தாம் விரும்பிய ஆறு நரம்புப் பாஸ் ஒன்றைக் கார்ல் தாம்சன் என்னும் கருவிவினைஞரைக் கொண்டு செய்வித்தார். அதில் வழக்கமான நான்கிற்கும் கீழே நொடிக்கு 31 அதிர்வு உடைய மெலிவு நரம்பு ஒன்று இருந்தது. பின்னர் அந்நரம்பைச் சேர்த்த ஐந்து நரம்புப் பாஸ் பரவலாயிற்று. சிக்கல் இங்குதான் முற்றியது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 34 அங்குல நான்காம் நரம்பையே எடுத்து, அதன் தடிமனும் இழுவிசையும் மாறாமல் ஐந்தாம் நரம்பின் ஒலியைப் பெற வேண்டுமாயின் நீளம் ஏறத்தாழ 45 அங்குலம் ஆக வேண்டும். அது டபுள் பாஸையும் விஞ்சும் நீளம். தோளில் மாட்டி வாசிக்க இயலாது. நீளத்தை மாற்றாமல் விட்டால் நரம்பின் எடை 1.78 மடங்காக வேண்டும். எனவே நான்காம் நரம்பு 2.7 மில்லிமீட்டர் தடிமன் எனில் ஐந்தாம் நரம்பு 3.3 மில்லிமீட்டர் அளவிற்குத் தடித்தது. அவ்வாறு தடித்தும் அது சற்றுத் தளர்ந்தே நின்றது. விறைத்த தடிநரம்பில் மேலொலிகள் இரு மடங்கு, மும்மடங்கு என்னும் ஒழுங்கிலிருந்து சிறிது மேலே விலகுகின்றன. செவி நிரப்பிக்கொள்ள வேண்டிய அடிப்படை தெளிவிழந்து, மங்கிய முழக்கமாகக் கேட்கின்றது.

இதற்கு விடை, மெட்டுகளைச் சாய்ப்பதாகும். அவ்வாறு சாய்த்தால் மெட்டும் இருக்கும். நரம்புதோறும் நீளமும் வேறுபடும். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஒர்ஃபாரியன் என்னும் கம்பிநரம்புக் கருவியில் இவ்வமைப்பு காணப்படுகின்றது. பின் அது மறைந்தது. கலிபோர்னியக் கருவிவினைஞர் ரால்ஃப் நோவாக் இதனை மின்கித்தாருக்கு ஏற்ப வகுத்து 1989இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கனடாவின் சாஸ்கட்டூன் நகரில் ஷெல்டன் டிங்வால் இதனைப் பாஸ் கித்தாரில் கையாண்டு, தடித்த நரம்பிற்கு 37 அங்குலமும் மெல்லிய நரம்பிற்கு 34 அங்குலமும் வைத்தார். காப்புரிமைக் காலம் கழிந்தபின் ஜப்பானின் இபானெஸ், கொரியாவின் கோர்ட் முதலிய நிறுவனங்களும் இவ்வகைக் கருவிகளை வெளியிட்டன. முன்பு சிலரே வாங்கத்தக்கதாய் இருந்தது இதனால் பலர் கைக்கும் எட்டியது.

37 அங்குலம் என்பது 34ஐவிட 3 அங்குலமே மிகுதி. எனினும் இழுவிசை நீளத்தின் இருமடியைப் பொறுத்தது ஆதலின், அதே நரம்பு அதே ஒலியில் ஏறத்தாழ 18 விழுக்காடு மிகுதியாக இறுகி நிற்கும். மெல்லிய நரம்போ பழைய நீளத்திலேயே இருந்து தன் இனிமையைக் காத்துக்கொள்ளும். எல்லா நரம்பையும் 37 அங்குலமாக்கினால் மெல்லிய நரம்பு கூர்மை மிகுந்து இனிமை குன்றும். ஆதலின் கோணல் என்று தோன்றுவது உண்மையில் ஒழுங்கே ஆகும்.

வாங்குவோர் நோக்க வேண்டியவை

இவ்வரலாறு தெளிந்தபின் வாங்கும் முறையும் தெளிவாகும். முதற்கண், தமக்கு ஐந்தாம் நரம்பு தேவையா என்பதை வாங்குவோர் எண்ண வேண்டும். நான்கு நரம்பில் நிறைவு காண்பவருக்குச் சாய்ந்த மெட்டினால் விளையும் பயன் சிறிது. அவர் நேர்மெட்டுக் கருவியை வாங்குதலே சிக்கனம்.

இரண்டாவது, கையின் அளவு. 37 அங்குல நரம்பில் முதல் மெட்டு வரையுள்ள தொலைவு ஏறத்தாழ 53 மில்லிமீட்டர்; 34 அங்குலத்தில் அது 48.5 மில்லிமீட்டர். இந்நாலரை மில்லிமீட்டர் வேறுபாடு சிறுவிரல் உடைய மாணவருக்குச் சுமையாகலாம். 37 அங்குலத்திற்குக் குறைந்த நெடுநரம்பு உடைய கருவிகளும் உள்ளன. சாய்ந்த மெட்டுகளுள் ஒன்று மட்டும் நேராக நிற்கும். பெரும்பாலும் அது 7ஆம் மெட்டிற்கும் 12ஆம் மெட்டிற்கும் இடையில் அமையும். அதன் இடத்தைப் பொறுத்தே மேல்மெட்டுகளின் சாய்வும் கீழ்மெட்டுகளின் சாய்வும் அமையுமாதலின், இருந்தும் நின்றும் வாசித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, மாற்று நரம்பு. நீண்ட அளவிற்கு ஏற்ற நரம்பு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. வழக்கமான 34 அங்குலப் பாஸிற்குரிய நரம்பு எட்டாமற் போகலாம். கருவியை வாங்கும் நாளிலேயே நரம்பு கிடைக்கும் இடத்தையும் கேட்டறிதல் அறிவுடைமை. நான்காவது, நம் தட்பவெப்பம். ஆண்டு முழுதும் ஈரப்பதம் மிக்க ஜொகூரில் மரக்கழுத்து சிறிது வளைந்து நிமிர்வது இயல்பு. கழுத்தின் உள்ளே பொருத்திய இரும்புக் கோலைத் திருகிச் சீர்செய்ய அறிந்த வினைஞர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். இறுதியாக, நொடிக்கு 31 அதிர்வு உடைய நரம்பை வாங்கிவிட்டு, அதனைத் தாங்காத சிறு ஒலிபெருக்கியில் இணைப்பது பாதிப் பயனை இழப்பதாகும்.

நாம் கற்க வேண்டுவது

யாழில் நீளம் வேறுபட்டது, பன்னீளப் பாஸிலும் நீளம் வேறுபடுகின்றது. ஆதலின் இப்புதுக் கருவியும் நம்முடையதே என முழங்க ஒருசிலர் விரும்பக் கூடும். அது பொருந்தாது. நோவாக்கும் டிங்வாலும் தம் உழைப்பால் கண்டது அவர்களுடையதே. வில்வடிவ நரம்புக் கருவி எகிப்திலும் மெசபொத்தேமியாவிலும் இருந்தது. இன்றும் மியன்மாரில் வாழ்கின்றது. நரம்பின் இயற்கை எல்லா நாட்டினர்க்கும் பொது. அவ்வியற்கையை நம் முன்னோரும் கூர்ந்து கண்டு போற்றினர் என்பதே நாம் பெருமையுடன் கூறத்தக்க உண்மை.

பெருமையோடு ஒரு வருத்தமும் உண்டு. யாழை நம் புலவர்கள் பலபட வருணித்தனர். ஆனால் கோட்டின் நீளம் எத்துணை, நரம்பின் தடிமன் எத்துணை என அளந்து எழுதிய வினைஞரின் நூல் ஏதும் நம் கைக்கு வந்து சேரவில்லை. அதனாலன்றோ மட்டக்களப்புக் காரைதீவில் 1892இல் பிறந்து, தமிழும் அறிவியலும் ஒருங்கே கற்ற விபுலானந்த அடிகள், இலக்கியச் சான்றையும் கணிதத்தையும் துணைக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆராய நேர்ந்தது! அவர்தம் யாழ்நூல் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக 1947ஆம் ஆண்டு சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். ஒரு வினைஞர் ஓர் ஏட்டில் எழுதி வைத்திருக்கக் கூடியதை மீட்க ஓர் அறிஞரின் வாழ்நாளில் பெரும்பகுதி செலவாயிற்று.

இவ்விழப்பு மீண்டும் நேராதிருக்க வழியுண்டு. அரங்கேற்று காதையைக் கற்பிக்கும் ஆசிரியர், கித்தார் பயிலும் மாணவர் ஒருவரைத் தம் கருவியுடன் வகுப்பிற்கு வரச் செய்யலாம். அளவுநாடா கொண்டு நரம்பின் நீளத்தையும் மெட்டுகளின் இடைவெளியையும் மாணவரே அளந்து, தமிழில் எழுதி, நீளம் குறையச் சுரம் உயர்வதைச் செவியாலும் கணக்காலும் காணலாம். திவவும் கோடும் அன்று அவர்களுக்குத் தேர்வுக்கு மனனம் செய்யும் சொற்களாக இரா. கையால் தொட்டறிந்த பொருளாகும். கருவியை வாங்குதல் ஒருநாட் செயல். அதன் இயல்பை அறிந்து அளந்து நம் மொழியில் எழுதிவைத்தல், யாழ் செய்தோர் செய்யாது விட்ட கடமையை நாம் நிறைவேற்றுவதாகும்.